சொன்னது சொன்னபடி

மூன்று நாட்களாக ஒக்கலிபுரத்தில் ரவிக்குமாரின் வீட்டில் யாரும் பந்து என்ற சொல்லை வாயில் எடுக்கவில்லை.

முந்தைய வாரங்களைத் தவறவிட்டவர்களுக்காக நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடலாம். ரவிக்குமாருக்குப் பொம்மசந்திராவில் ஒரு கம்பெனியில் ஃபிட்டர் வேலை. மனைவி ஷோபா அங்கன்வாடியில் உதவியாளர். ஒரே மகன் கிரண், பி.காம். கடைசி வருடம், கல்லூரிக் கால்பந்து அணியின் ஸ்டாப்பர்.

ஸ்டாப்பர் என்றால் கோலுக்கு முன்னால் கடைசியாக நிற்கிற ஆள். முதல் வருடம் யாரும் கேட்காத ஓர் ஓரத்தில் ஓடிக்கொண்டிருந்தவனை, உடற்பயிற்சி ஆசிரியர் கோவிந்தப்பாதான் பின்னால் இழுத்து நடுவில் நிறுத்தினார். அதற்குப் பிறகு எதிரணிக்காரர்கள் அவன் நிற்கிற பக்கம் பந்தைக் கொண்டு வரவே யோசித்தார்கள். பல்கலைக்கழக அணியில் இடம் கிடைத்தது. போன மாதம் ஒரு மத்திய அரசு அலுவலகத்தின் அணியிலிருந்து ஆள் வந்து பார்த்துவிட்டு, வரும் சனிக்கிழமை தேர்வுக்கு வரச் சொன்னார்கள். தேறினால் ஆட்டத்தோடு நிரந்தர வேலை. கல்லூரி நன்னடத்தைச் சான்றிதழ் தர வேண்டும், அவ்வளவுதான்.

அப்போதுதான் அந்த அரையிறுதி ஆட்டம் வந்தது.

ஆட்டம் சமமாக முடியப்போகிற நேரம். கிரண் பந்தைத் தன் கோலியிடம் தட்டிவிட்டான். தன் ஆள் காலால் தட்டித் தந்த பந்தைக் கோலி கையால் தொடக்கூடாது, உதைத்து அனுப்ப வேண்டும். இது தெருவில் ஆடுகிற பிள்ளைகளுக்கும் தெரிந்த விதி. ஆனால் கோலி ஸ்ரீஹர்ஷா குனிந்து இரண்டு கையாலும் பந்தை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டான். ரெஃப்ரி விசில் ஊதினார். எதிரணிக்குக் கோலுக்குப் பக்கத்திலேயே ஃப்ரீ கிக். ஆட்டம் போயிற்று.

கையால் எடுக்கச் சொன்னது கிரண்தான் என்று ஸ்ரீஹர்ஷா கல்லூரியில் சொல்லிவிட்டான். நான் உதைக்கச் சொன்னேன் என்று கிரண் சொன்னான். இரண்டு பேரில் ஒருவன் பொய் சொல்கிறான்.

அதற்கு மேல் ஒரு போன் கால். ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு, எதிரணியின் மேனேஜர் தேசிகனுடைய வெள்ளைக் காரிலிருந்து கிரண் இறங்கியதைப் பார்த்ததாக யாரோ கோவிந்தப்பாவிடம் சொல்லியிருக்கிறார்கள். அதனால்தான் இன்று மத்தியானம் விசாரணை.

அந்த யாரோ ரவிக்குமார்தான். இது அவருக்கும் கோவிந்தப்பாவுக்கும் வாசகர்களுக்கும் மட்டுமே தெரிந்த விஷயம். கம்பெனி பஸ்ஸின் ஜன்னலிலிருந்து பார்த்தார். அன்று வீட்டில் கேட்டதற்கு, பிராக்டிஸ் முடிந்து நேராக வந்ததாக மகன் சொன்னான். அந்தப் பொய்தான் ரவிக்குமாருக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. தோற்ற அன்று, வாத்தியார் கூப்பிட்டு நாலு வார்த்தை கேட்டால் பையன் உண்மையைச் சொல்லிவிடுவான் என்று நினைத்து போன் செய்தார். அது விசாரணையாக வளரும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

காலையில் அவர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு நின்றதை ஷோபா பார்த்தாள்.

"யூனிஃபார்ம் போடல?"

"லீவு."

"என்கொயரி மத்தியானந்தான. இப்பவே எங்க கெளம்பிட்டீங்க?"

பேங்க்கில் ஒரு வேலை என்றார். இன்றைக்கு பேங்க் லீவு என்று ஷோபா சொல்லவில்லை. முகத்தை மட்டும் பார்த்தாள். மூன்று நாட்களாக அவருடைய போன் மணி அடித்தால் வெளியே எடுத்துக்கொண்டு போகிறார் என்பதை அவள் கவனித்திருந்தாள். மகன்மீது வீட்டில் ஒரு கண் இருந்தால், கணவர்மீது அவளுக்கு ஒரு கண் இருந்தது.

கட்டிலில் கிரண் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். ரவிக்குமாருக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"பொம்மசந்திரா மொதலாளிக்கு இன்னும் விடியலையா?"

அது அந்த வீட்டுக்கு மட்டும் உரிய கிண்டல். அவர் கம்பெனி முதலாளி காரின் பின் சீட்டில் சாய்ந்து, கண்ணைப் பாதி மூடி, பத்து பேர் சல்யூட் அடித்த பிறகுதான் இறங்குவாராம். கிரண் ஆறாம் வகுப்பிலிருந்து தாமதமாக எழும் நாளெல்லாம் இந்தப் பட்டத்தை வாங்கியிருக்கிறான். வழக்கமாகத் திருப்பி ஒரு சல்யூட் அடிப்பான். இன்று திரும்பக்கூட இல்லை.

பிறகு எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் பின்பக்கம் போனான். குற்றம் பண்ணினவன் நடை என்று ரவிக்குமார் மனதுக்குள் சொல்லிக்கொண்டு படியிறங்கினார்.

அவர் போன பிறகு ஷோபா மகனின் பையைத் திறந்தாள். பூட்ஸ், காலுறை, கசங்கிய டவல். எல்லாவற்றிலும் வலிக்கு அடிக்கிற ஸ்பிரேயின் வாசனை. பந்தாடுகிற பிள்ளையின் பை அப்படித்தான் இருக்கும் என்று மூடி வைத்தாள். அவள் தேடியது வேறு ஏதோ. என்ன என்று கேட்டிருந்தால் அவளுக்கே சொல்லத் தெரிந்திருக்காது.

---

ரவிக்குமார் நேராகப் போனது கல்லூரி ஹாஸ்டலுக்கு.

மெஸ்ஸில் ஸ்ரீஹர்ஷா தனியாக ஒரு மூலையில் உட்கார்ந்து தட்டில் சித்ரான்னத்தைக் கிளறிக்கொண்டிருந்தான். சக்லேஷ்புரம் பக்கத்துப் பையன். நெடுநெடுவென்ற உயரம். வழக்கமான கோலி பெர்னார்டுக்குக் கால் எலும்பு முறிந்ததால், அரையிறுதிதான் இவனுக்கு முதல் ஆட்டம். கிரணின் அப்பா என்றதும் எழுந்து நின்றான். பக்கத்து மேசையில் யாரோ, கையில் எண்ணெய் தடவிக்கிட்டு வந்திருந்தா பந்தாவது வழுக்கியிருக்கும் இல்ல என்று கன்னடத்தில் சொல்ல, இரண்டு பேர் சிரித்தார்கள். அவன் காது சிவந்தது.

ரவிக்குமாருக்குக் கன்னடம் இரண்டாவது நாக்கு. கம்பெனியில் எட்டு மணி நேரமும் அதுதான் பேச்சு. பையனை வெளியே கூட்டிக்கொண்டு போய், பயப்படாமல் சொல்லச் சொன்னார். என் மகன் என்று பார்க்காதே என்றும் சொன்னார். அதைச் சொல்லும்போது தன் குரல் போலீஸ்காரர் குரல் மாதிரி இருந்தது அவருக்கே பிடிக்கவில்லை.

ஸ்ரீஹர்ஷா சொன்னதில் குழப்பமே இல்லை. அவனுக்கும் கிரணுக்கும் நடுவில் எதிரணி ஆள் ஒருவன் குறுக்கே ஓடினான். பந்து கிரணின் காலில் பட்டு வந்ததா, முழங்காலில் பட்டு வந்ததா என்று தெரியவில்லை. முழங்காலில் பட்டு வந்திருந்தால் கையால் எடுக்கலாம். என்ன செய்வது என்று நின்ற அந்த நொடியில் கிரண் கத்தினான். ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை. அவன் சொன்னபடி செய்தான். பின்னால் நிற்கிறவர்கள் எல்லாரும் கிரணின் குரலுக்குத்தான் ஆடுவார்கள், அவன் சொன்னால் யோசிக்கக் கூடாது என்பது கோவிந்தப்பா சார் போட்ட சட்டம்.

கையை ஏதாவது காட்டினானா என்று ரவிக்குமார் கேட்டார். இல்லை, வாயால்தான். சத்தத்தில் தப்பாகக் கேட்டிருக்குமா? இல்லை அங்கிள், நன்றாகக் கேட்டது. தூக்கச் சொன்னான், தூக்கினேன். என் தாய்மேல் ஆணை.

அவன் கண்ணில் நீர் நின்றது. பொய் சொல்கிறவன் முகம் இதுவல்ல என்று ரவிக்குமாருக்குத் தெரிந்துவிட்டது. அப்படியென்றால் பொய் சொல்கிறவன் முகம் எது? இன்று காலையில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்ததே, அது.

அவர் அங்கிருந்து கிளம்பும்போது ஸ்ரீஹர்ஷா ஒன்று கேட்டான்.

"அங்கிள், கிரண் ஏன் எனக்கு அப்படிப் பண்ணினான்? நான் அவனுக்கு என்ன பண்ணினேன்?"

ரவிக்குமாரின் கண்ணுக்குள் அந்த வெள்ளைக் கார் வந்து நின்றது.

---

விசாரணைக்கு இன்னும் நேரம் இருந்தது. கால் போன பக்கம் போய் மைதானத்துக் கம்பி வேலிக்குள் நுழைந்தார். ஜூனியர் பையன்கள் பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள். கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, மாவுக்கட்டுக் காலை இன்னொரு நாற்காலியில் நீட்டி, பெர்னார்ட் உட்கார்ந்திருந்தான். ரிச்சர்ட்ஸ் டவுன் பையன், தமிழ் வீடு. முதல் வருடத்திலிருந்து கிரணுக்குப் பின்னால் கோலில் நின்றவன்.

அவரைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தான். உட்காரச் சொன்னார்.

"ப்ரேயர் பண்ணிக்கினு இருக்கேன் அங்கிள். கிரணுக்கு ஒண்ணும் ஆவாது."

"ஆவட்டும்," என்றார் ரவிக்குமார். "செஞ்சிருந்தா ஆவட்டும்."

பெர்னார்ட் அவரை ஒரு மாதிரிப் பார்த்தான். "நீங்களே இப்டி பேசுனா எப்டி அங்கிள். த்ரீ இயர்ஸ் அவன் முதுவ பாத்துக்கினே நின்னவன் நான். அவன் மேட்ச்ச வித்தான்னா நான் இந்தக் கட்ட இப்பவே பிரிச்சிப் போட்டு நடக்கறேன்."

எதிரே ஒரு பையன் பந்தைப் பின்னால் தட்டினான். ஜூனியர் கோலி அதைப் பார்த்துத் தயங்கினான். பெர்னார்ட் நாற்காலியிலிருந்து பாதி எழும்பிக் கத்தினான்.

"எத்து... எத்து டா."

பையன் ஓடி வந்து ஓங்கி உதைத்தான். பந்து நடுக்கோட்டைத் தாண்டிப் போய் விழுந்தது.

"இவனுங்களுக்கு ஒவ்வொண்ணும் கத்தணும்," என்றான் பெர்னார்ட். "எனக்கு கிரண் கத்துவான். எத்துன்னா எத்திருவேன். திரும்பி யாரு எங்கன்னு பாக்கவே மாட்டேன்."

ரவிக்குமார் வேலியைப் பிடித்துக்கொண்டார்.

"கிரண் என்னா சொல்லிக் கத்துவான்?"

"எத்துன்னுதான். வேற என்னா?"

"அன்னிக்கும் அதத்தான் சொல்லியிருப்பானா?"

"வேற வார்த்தையே அவனுக்குத் தெரியாது அங்கிள். கிக்குன்னு சொன்னா வாய்க்கு டைம் ஆவுதாம்."

ஹாஸ்டல் வாசலில் கேட்ட பேச்சு ரவிக்குமாரின் காதில் திரும்பி ஓடியது. ஸ்ரீஹர்ஷா கன்னடத்தில் பேசினான். அவர் கன்னடமாகவே கேட்டுக்கொண்டார். கிரண் தூக்கச் சொன்னான் என்று அவர் மனம் வாங்கிக்கொண்டது. ஆனால் அந்தப் பையன் வாயிலிருந்து வந்த சொல் என்ன?

எத்து அந்தா, எத்திதே. எத்து என்றான், எத்தினேன்.

தமிழில் எத்து என்றால் காலால் உதை. கன்னடத்தில் எத்து என்றால் கையால் தூக்கு. அழுகிற குழந்தையைத் தூக்கிக்கொள்ளச் சொல்வதும் அதே எத்துதான். இரண்டு பாஷையும் ஒரே வாயில் புழங்குகிற வீடு அவருடையது. காலையில் ஷோபா பக்கெட்டை எத்திவிட்டுத் திட்டுவாள், அங்கன்வாடியில் போய் அம்மா எத்கோ என்று அழுகிற பிள்ளையை எத்திக்கொள்வாள். ஒருநாளும் ஒன்று மற்றொன்றோடு இடித்ததில்லை. அதனால்தான் அவர் காதிலேயே அது இடறாமல் போயிற்று.

"கன்னடத்துல எத்துன்னா என்னா பெர்னார்ட்?"

பெர்னார்ட் சிரிக்க ஆரம்பித்தான். பாதிச் சிரிப்பில் வாய் அப்படியே நின்றுவிட்டது.

"ஜீசஸ்," என்றான் மெதுவாக.

அவன் சொல்லி முடிப்பதற்குள் ரவிக்குமார் வேலியைத் தாண்டியிருந்தார்.

---

துணை முதல்வர் ஸ்ரீவித்யாவின் அறையில் விசாரணை தொடங்கிவிட்டிருந்தது. அவர் சென்னையிலிருந்து வந்து ஒரு வருடம்தான் ஆகிறது. கன்னடம் இன்னும் வரவில்லை, யாரோடும் ஆங்கிலம்தான். பக்கத்தில் கோவிந்தப்பா. எதிரே ஒரு பக்கம் ஸ்ரீஹர்ஷா, மறு பக்கம் கிரண். அவனுக்குப் பின்னால் சுவரோரம் ஷோபா.

கதவைத் தட்டாமல் உள்ளே வந்த கணவரைப் பார்த்ததும் ஷோபாவின் புருவம் சுருங்கியது. பேங்க்கிலிருந்து வருகிறவருக்கு வேர்த்துக் கொட்டுமா?

ரவிக்குமார் உட்காரவில்லை. மேடம், ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும் என்றார். பெற்றோர் கேள்வி கேட்பது வழக்கமில்லை என்று ஸ்ரீவித்யா சொன்னார். அப்படியானால் நீங்களே கேளுங்கள் என்றார் ரவிக்குமார். இங்கிலீஷில் வேண்டாம். கிரண் அன்றைக்குக் கத்தியது என்ன, அந்தச் சொல்லை மட்டும், சொன்னது சொன்னபடி.

ஸ்ரீவித்யா கோவிந்தப்பாவைப் பார்த்தார். அவர் தலையசைத்தார்.

முதலில் கோலியைக் கேட்டார்கள். அவன் தயங்கி, "எத்து," என்றான்.

கிரண் சட்டென்று திரும்பினான்.

"நீ என்ன சொன்னாய்?" என்று ஸ்ரீவித்யா கிரணைக் கேட்டார்.

"எத்து," என்றான் கிரண். "அதத்தான மேடம் மூணு நாளா சொல்லிக்கினு இருக்கேன்."

"இல்லை. கிக் பண்ணச் சொன்னேன் என்றுதான் இங்கே சொன்னாய். நீ பிக் அப் பண்ணச் சொன்னாய் என்று இவன் சொன்னான்."

"எத்துன்னா கிக்குதான மேடம்."

"எத்து அந்தரே பிக் அப் மேடம்," என்றான் ஸ்ரீஹர்ஷா அதே நேரத்தில்.

பிறகு கோவிந்தப்பா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று ஷோபா பயந்துவிட்டாள். கையை எடுத்தபோதுதான் சிரிக்கிறார் என்று தெரிந்தது.

"ஐயோ மேடம், என் தப்பு. இவன் சொன்னா யோசிக்காதே, செய் அப்படின்னு நான்தான் இந்தப் பையனுக்குச் சொன்னேன். எந்த பாஷையில சொல்லுவான்னு சொல்லலை."

ஸ்ரீவித்யா சிரிக்கவில்லை. இரண்டு அர்த்தத்தையும் தனித்தனியாகக் கேட்டுத் தெரிந்துகொண்டார். பிறகு முதல்முறையாகத் தமிழில் பேசினார்.

"எங்க பக்கம் எத்தன்னா ஏமாத்தறவன். நான் இதை மூணாவது மாதிரி புரிஞ்சுண்டிருப்பேன்."

ஸ்ரீஹர்ஷா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து கிரணிடம் போனான். கையை நீட்டினான். கிரண் அந்தக் கையை இழுத்து அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டான். "ஏய் குரு," என்று கன்னடத்துப் பையன்கள் கூப்பிடுகிற மாதிரி கூப்பிட்டு, "இன்னிமே கிக்குன்னே கத்தறேன்," என்றான். அவன் சிரித்ததை ரவிக்குமார் மூன்று நாள் கழித்து அப்போதுதான் பார்த்தார். போகலாம் என்று ஷோபாவுக்குக் கண்ணைக் காட்டினார்.

"உட்காருங்க," என்றார் ஸ்ரீவித்யா. "இன்னும் ஒண்ணு இருக்கு. கார்."

கிரணின் சிரிப்பு நின்றது.

தேசிகன் காரில் போனது உண்மையா என்று கேட்டார். போனேன் என்றான் கிரண். எதற்கு என்று கேட்டார். அவன் தரையைப் பார்த்தான். ஆட்டத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று மட்டும் சொன்னான். வீட்டில் ஏன் மறைத்தாய் என்றதற்கும் அதே பதில்தான்.

ஸ்ரீவித்யா பேனாவை மூடி வைத்தார். ஆங்கிலத்தில் எழுதியதை நம்பித்தான் மூன்று நாளாக ஒரு பையனைக் குற்றவாளியாக வைத்திருந்தோம் என்றார். இதிலும் அப்படி ஏதாவது இருக்கலாம். எனக்கு வந்திருப்பது கோவிந்தப்பா சார் இங்கிலீஷில் எழுதித் தந்த ஒரு வரி. அது வேண்டாம்.

"போன்ல அந்த ஆள் என்ன சொன்னார்? சொன்னது சொன்னபடி சொல்லுங்க சார்."

ரவிக்குமார் கொண்டுவந்த வாசகம் அவரையே பார்த்துத் திரும்பி நின்றது.

"அது எதுக்கு மேடம்," என்றார். "பசங்க வெஷயம் முடிஞ்சிருச்சி இல்ல."

கோவிந்தப்பா அவரை ஏறிட்டுப் பார்த்தார். உங்கள் பெயரைச் சொல்ல மாட்டேன் என்று அந்தப் பார்வை சொன்னது. பெயரைக் காப்பாற்றினால் போதும் என்று அந்த நல்ல மனிதர் நினைத்தார். நன்றாக ஞாபகம் இருக்கிறது என்று தொடங்கி, கன்னட வாடை அடிக்கிற தன் தமிழில், ஒரு சொல்லும் விடாமல் ஒப்பித்தார்.

"'சார், தேசிகன் கார்லர்ந்து கிரண் எறங்குனத நான் பாத்தேன். பொம்மசந்திரா மொதலாளி கணக்கா பின் சீட்லர்ந்து எறங்குறான்.' இவ்ளோதான் மேடம்."

ஸ்ரீவித்யாவுக்கு அதில் ஒன்றும் தென்படவில்லை. பொம்மசந்திரா யார் என்று கேட்டார். அது ஓர் ஊர் என்றார் கோவிந்தப்பா.

ஷோபா கையிலிருந்த பையை மெதுவாக மடியில் வைத்தாள். வெளியே எடுத்துக்கொண்டு போன போன், இல்லாத பேங்க் வேலை எல்லாம் அவளுக்குள் ஒவ்வொன்றாக இடத்தில் போய் உட்கார்ந்தன.

கிரண் திரும்பவில்லை. காலையில் கட்டிலில் இருந்தது போலவே, முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தான்.

"சொன்னது யார்னு உனக்குத் தெரியணுமா?" என்று ஸ்ரீவித்யா கேட்டார்.

"வேணாம் மேடம். தெரிஞ்சவங்கதான்."

கார் விஷயத்துக்கு வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லிவிட்டால் சான்றிதழில் கையெழுத்துப் போடுவதாக ஸ்ரீவித்யா சொன்னார். இல்லையென்றால் போட முடியாது. அதற்குள் தேசிகனோடு எந்தத் தொடர்பும் வைத்துக்கொள்ளக் கூடாது. கிரண் தலையாட்டினான். எதற்குத் தலையாட்டினான் என்று யாருக்கும் தெளிவில்லை.

---

படிக்கட்டில் ரவிக்குமார் மகனுக்குப் பக்கத்தில் வந்தார். "ஆட்டோ புடிக்கறேன், வா," என்றார்.

"மொதலாளி ஆட்டோல வர மாட்டாருப்பா," என்றான் கிரண். குரலில் கோபம் இல்லை. அதுதான் அவரைக் குத்தியது.

"நீ பொய் சொன்ன. அதான் எனக்கு..."

"நீங்க என்னக் கேட்டிருக்கலாம்."

"கேட்டனே. பிராக்டிஸ்லர்ந்து நேரா வந்தேன்னியே."

"எங்கருந்து வர்றன்னுதான் கேட்டீங்க. என்னடா ஆச்சின்னு கேக்கல."

அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்க ஆரம்பித்தான். இடது காலை வைத்து, வலது காலை அதன் பக்கத்தில் கொண்டுவந்து, மறுபடி இடது கால். ஒரே படியில் இரண்டு காலும் நின்று நின்று போயிற்று. வளைவில் நின்று போனை எடுத்து யாரிடமோ இரண்டு வார்த்தை பேசினான்.

மேலே நின்ற ஷோபாவுக்குக் காலையில் பையில் அடித்த ஸ்பிரே வாசனை ஞாபகம் வந்தது.

"அவன் முட்டிய பாத்தீங்களா?" என்றாள் கணவரிடம்.

ரவிக்குமார் பார்த்தார். மூன்று நாளாக அவர் மகனின் முகத்தையே வேவு பார்த்துக்கொண்டிருந்தார். குற்றம் பண்ணினவன் நடை என்று காலையில் தீர்ப்பு எழுதியதும் இந்த நடையைத்தான். காலால் பிழைக்கப்போகிற பிள்ளையின் காலை அவர் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. சனிக்கிழமை அந்தக் காலோடு எப்படி ஓடுவான்?

அதற்குள் கிரண் கீழே இறங்கி வாசலைத் தாண்டியிருந்தான். "கிரண், நில்லுப்பா," என்று கூப்பிட்டபடி இரண்டிரண்டு படியாக இறங்கினார்.

அவர் கீழே வருவதற்குள் கிரண் கேட்டருகே போய்விட்டிருந்தான். வெளியே காத்திருந்த வெள்ளைக் கார் அங்கே வந்து நின்றது. கண்ணாடியை இறக்கி, தேசிகன் உள்ளிருந்து அவன் முழங்காலைக் காட்டி ஏதோ கேட்டார். கிரண் ஒருமுறை திரும்பி மாடியைப் பார்த்தான். ஜன்னலில் ஸ்ரீவித்யாவும் கோவிந்தப்பாவும் நின்றிருந்தார்கள். அவர்கள் பார்ப்பது அவனுக்குத் தெரிந்தது.

பிறகு அப்பாவைப் பார்த்தான். பின் சீட்டுக் கதவைத் தொட்டவன் கையை எடுத்துக்கொண்டு, நிதானமாகச் சுற்றிப் போய், வலது காலைக் கையால் தூக்கி உள்ளே வைத்து, முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தான்.